புதிதாய் அடைத்த மடை

"இந்த ஈரப் பாவாடையோட நீ எந்தப் பள்ளிக்கூடத்துல போயி நிக்கப் போற? புள்ளைங்க மூக்கப் பொத்திக்கினு ஓடும்."

என் மாமியார் இதைச் சொன்னது எங்கள் வீட்டு வாசலில், என் சீர்ப் பாத்திரங்களை வண்டியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, மழை பெய்யும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். எழுந்தால் பாயில் ஈரம் தெரியும் என்பதால் நான் எழுந்து நிற்கவில்லை.

எனக்கு வந்தது இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்து மறைத்தே பல பெண்கள் மாட்டுக் கொட்டகையிலும் மூலையிலும் கிடக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். பிரசவத்தில் குழந்தையின் தலை வெகுநேரம் வழியில் சிக்கி நின்றுவிட்டால், அந்தத் தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மூத்திரப்பை மாட்டி நசுங்கும். நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை செத்துப்போய்ச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடம் ஓட்டை. அதன்பின் மூத்திரம் பையில் தங்காது. வருவது தெரியாமலே, நின்றாலும் படுத்தாலும் பிரசவ வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஃபிஸ்டுலா என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இது பேயும் இல்லை, சாபமும் இல்லை, நடத்தைக் கோளாறும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமானதால் வருவது, அவ்வளவுதான்.

எனக்கு ஏன் நேரமானது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பத்திரத்தில் அப்பா கைநாட்டு வைத்தால் அதன் கீழே நான் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தேன்.

எங்கள் ஜனங்கள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியலில் இறங்கியிருந்த நாட்களில் எனக்கு வலி எடுத்தது. எந்தச் சாலையைப் பார்த்தாலும் ஓரத்துப் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. ஊர் மருத்துவச்சி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். "தல நிக்கிது, எறங்க மாட்டுது. திருக்கோவிலூருக்குத் தூக்கினு ஓடுங்க" என்றாள். அண்ணன் ஏழுமலை எங்கிருந்தோ ஒரு டாக்ஸியைப் பிடித்து வந்தான். மணலூர்பேட்டைக்கு இந்தப் பக்கமே ஒரு மரம் எங்களை மறித்தது. அதற்கு அப்பால் இன்னொன்று கிடந்தது.

டிரைவர் கையை விரித்தார். "நான் இன்னாங்க பண்றது? பறந்தா போறது?"

அண்ணன் இறங்கிப்போய் அந்த மரத்துக்கு முன்னால் நின்றான். வெகுநேரம் நின்றதாக எனக்கு ஞாபகம். வலியில் அப்படித் தோன்றியதோ என்னவோ. வேறு வழி யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்துக் கொல்லையிலிருந்து கரும்பு வண்டி ஒன்று வந்தது. கரும்புச் சோகையைப் பரப்பி அதன்மேல் என்னைக் கிடத்தினார்கள். வரப்போரப் பாதை, வாய்க்கால் மேடு, கடைசியில் பெண்ணையாற்று மணல் என்று வண்டி போனது. மணலில் சக்கரம் புதைந்தபோதெல்லாம் அண்ணன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மாடுகளைவிட அவனுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

திருக்கோவிலூர் ஆஸ்பத்திரியில் என் உயிரைக் காப்பாற்றினார்கள். குழந்தை உள்ளேயே இறந்துபோயிருந்தது. பெண் குழந்தை. நான் மயக்கத்தில் கிடந்ததால் பார்க்கவில்லை. தலை நிறைய முடி என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒழுகல் சில நாள் கழித்து, மூத்திரக் குழாயை எடுத்த அன்று ஆரம்பித்தது. "புண் ஆறட்டும். மூணு மாசம் போகட்டும். அப்புறம் ஆபரேஷன் பண்ணி மூடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். கள்ளக்குறிச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு இதற்கென்றே வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து தங்கி ஆபரேஷன் செய்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

அந்த மூன்று மாதத்தை எப்படி எழுதுவது? பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டுவேன். நனைந்ததும் துவைப்பேன். காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடும். தொடை இரண்டும் வெந்து தோல் உரிந்தது. என் வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை வந்தபோது காபியும் குடிக்கவில்லை. மூன்றாவதாக வந்தது மாமியாரும் சீர்ப் பாத்திரங்களும்தான். குழந்தைக்கென்று நான் தைத்து வைத்திருந்த சட்டைகளும் அந்தச் சீர் அண்டாவுக்குள்ளேயே இருந்தன. அம்மா அவற்றை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் எனக்குத் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை. கரும்பு வைக்கிறவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது. வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள், காயப்போட்டால்தான் சர்க்கரை ஏறும். "காயட்டும் வுடு. காஞ்சாத்தான் புண்ணு கூடும்" என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குடித்தால் ஒழுகுகிறது, குடிக்காவிட்டால் கம்மியாக ஒழுகுகிறது. பாடப்புத்தகத்தில் சிறுநீரகத்தின் படம் போட்டுப் பாகம் குறித்தவள் நான். அந்தப் படம் ஒரு பக்கம் இருந்தது, என் உடம்பு ஒரு பக்கம் இருந்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒழுகியதோ மஞ்சளாய், கெட்டியாய், முன்னைவிட நாற்றமாய், பட்ட இடத்தையெல்லாம் எரித்தது.

அப்போதுதான் வேலைக்கான அழைப்பு வந்தது. சான்றிதழ் சரிபார்க்க வர வேண்டும். வேலையில் சேரும்போது உடல் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். அப்பா கேட்டார், "அதுல இன்னாம்மா போட்டுக்கிது?" படித்துச் சொன்னேன். உடம்பு சரியானால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதைவிடச் சுருக்கமாக என் நிலையை யாராலும் எழுதியிருக்க முடியாது.

கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சீட்டு காலியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விட்டார்கள். நானும் எழுந்து கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். என் புடவையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயும் ஒழுகுறவதானா?" என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அவள் பாதிக் கொய்யாவைக் கடித்துப் பிட்டு என்னிடம் நீட்டினாள். "தின்னு. வயித்துக்குப் போறதுக்கும் வெளிய போறதுக்கும் சண்டை இல்ல."

அவள் பெயர் சின்னப்பொண்ணு. கல்வராயன்மலையில் வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே நடந்து போக வேண்டிய ஊர். எட்டு வருஷமாக ஒழுகுகிறது என்றாள். ஊரை விட்டுத் தள்ளிச் சாமைக் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியாக இருக்கிறாள். இது அவளுக்கு இரண்டாவது ஆபரேஷன். என் கதையைக் கேட்டாள். டீச்சர் படிப்பு, மரம், டாக்ஸி, கரும்பு வண்டி எல்லாம் சொன்னேன். என் துக்கம் பெரியது என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கு அந்த நாலு நாளுதான் ரோடு இல்ல. எங்களுக்கு எப்பவுமே மறியல்தான் டீச்சர். யாரும் மரம் வெட்டிப் போடாமலே மறியல். என்னக் கழியில தொட்டில் கட்டித்தான் தூக்கி வந்தாங்க."

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டாக்டரம்மா நரைத்த கிராப்புத் தலையுடன், ஆண்பிள்ளை போல அகலமாய் நடப்பவர். முதல் பரிசோதனைக்கு நீலச் சாயத்தைக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் விட்டார். பிரசவ வழியில் பஞ்சு உருண்டைகளை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். நடுப்பஞ்சு நீலமாக வந்தது. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம். "அஞ்சு பைசா அளவு இருக்கு. தைக்கலாம். ஆனா உன் மூத்திரம் ஏன் இப்படி இருக்கு? தண்ணியே குடிக்கறது இல்லையா?" என்று கேட்டார். "குடிக்கிறேங்க" என்று பொய் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கத்தரிக்கோல் வைக்கும் சத்தமும், டாக்டரம்மா "நல்லா வருது, நல்லா வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் கேட்டன. பிரசவத்தின்போது யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் டாக்டரம்மா கட்டிலருகே நின்று விளக்கினார். மூத்திரப்பையில் ஒரு குழாய் இருக்கிறது. மூத்திரம் அந்தக் குழாய் வழியாகக் கட்டிலில் தொங்கும் பைக்கு வர வேண்டும். தையல் ஆறும்வரை உள்ளே ஒரு சொட்டும் தேங்கக் கூடாது. அதனால் தண்ணீர், கஞ்சி, மோர் எது வேண்டுமானாலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் எடுத்த பிறகுதான் ஓட்டை மூடிவிட்டதா என்று தெரியும். அம்மா கையைக் கட்டி நின்று எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. கம்மல் என் ஆபரேஷன் செலவுக்குப் போயிருந்தது.

டாக்டரம்மா போனதும் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஆண்கள் வார்டுக்குள் வரக் கூடாது. அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

அப்பா யோசித்தார். "அவங்க சொல்றது சொல்லட்டும். புதுசா அடைச்ச மடையில ஒடனே தண்ணி வுடுவாங்களா யாராச்சும்? கரைச்சிக்கினு பூடும். ரெண்டு நாளு மண்ணு எறுகட்டும். நாக்கு நனையறாப்பல குடு, போதும்."

அம்மா அரை டம்ளராகக் கொடுத்தாள். நானும் அரை டம்ளராகக் குடித்தேன். டாக்டரம்மா சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஆனால் அப்பா சொன்ன மடை என் கண்ணுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டுக் கரைந்துபோன மடையை.

மறுநாள் மத்தியானம் அடிவயிறு இறுகிக்கொண்டு வந்தது. ஆனால் படுக்கை காய்ந்திருந்தது. கீழே தொங்கிய பையும் ஏறாமல் கிடந்தது. மாதக் கணக்கில் ஈரத்திலேயே கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? ஒழுகல் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

பக்கத்துக் கட்டிலில் சின்னப்பொண்ணு. எனக்கு முந்தின நாள் அவளுக்கு ஆபரேஷன். அவள் ஒருக்களித்துப் படுத்து என் பையையே பார்த்தாள்.

"ஏ டீச்சர், உன் பை ஏன் சும்மாத் தொங்குது?"

"ஒழுகல, அதான்."

"பைத்தியமா உனக்கு? அது ஒழுகித்தான் ஆவணும்!" எழக்கூடாது என்று சொல்லியிருந்தும் அவள் பாதி எழுந்துவிட்டாள். "சிஸ்டரே! ஏ சிஸ்டரே! இங்க ஓடி வாங்க!"

சிஸ்டர் ஓடிவந்து என் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தண்ணீர் கம்மியானதால் மூத்திரம் கெட்டியாகி, ரத்தக் கசடு குழாயை அடைத்துவிட்டது. மூத்திரப்பை உள்ளே உப்பிக்கொண்டிருந்தது, புதுத் தையலை இழுத்துக்கொண்டு. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் மருந்துத் தண்ணீரைக் குழாய்க்குள் விட்டு உறிஞ்சினார். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு புகையிலைத் துணுக்கு மாதிரி ஏதோ கறுப்பாய் வந்தது. அதன் பின்னாலேயே கட்டிலில் தொங்கிய பை சலசலவென்று ரொம்பியது.

டாக்டரம்மா ஜன்னலுக்கே போய் அப்பாவைக் கூப்பிட்டார். நான் படுத்தபடி கேட்டேன்.

"யாரு தண்ணி குடுக்க வேணாம்னு சொன்னது?"

"நாந்தாங்க. மட எறுகட்டும்னு..."

"குழாய் அடைச்சா உள்ள தேங்கும். தேங்கினா பை உப்பும். உப்பினா நான் போட்ட தையல் கிழியும். கிழிஞ்சா உங்க பொண்ணு ஆயுசுக்கும் ஒழுக வேண்டியதுதான். புரியுதா?"

அப்பா ஜன்னல் கம்பி வழியாக அந்தக் குழாயைப் பார்த்தார். "அப்ப அந்தக் கொழாயி வடிகாலுங்களா?"

"ஆமா."

"வடிகால அடைக்கக் கூடாதுங்க" என்றார் அப்பா. "மேல எவ்ளோ வந்தாலும் வடிகால் ஓடினா கரைக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு அது தெரியுங்க. இது வடிகாலுன்னு தெரியாம பூட்சி."

"தையல் பிரிஞ்சிருக்குமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இப்ப சொல்ல முடியாது. குழாய் எடுக்கும்போது தெரியும்" என்றார். இல்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அன்றிலிருந்து குழாய் எடுக்கும்வரை நான் கழித்த நாட்கள்தான் என் மருத்துவமனை நாட்கள். வலியைவிட அந்தத் தெரியாமைதான் பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு நூல் பிரிந்திருக்கிறதா இல்லையா? அதில் என் வேலை இருந்தது, பஸ்ஸில் உட்கார்ந்து போவது இருந்தது, நாலு பேர் நடுவே போய் நிற்பது இருந்தது. கண்ணை மூடினால் ஈரம் படுகிற மாதிரியே இருக்கும். கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். மறுபடியும் தடவிப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரிக் குழாயில் உப்புத் தண்ணீர். அதை டம்ளர் டம்ளராகக் குடிக்க முடியவில்லை. அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு நல்ல தண்ணிக் கிணற்றைக் கண்டுபிடித்து, தினமும் சைக்கிள் கேரியரில் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். ஜன்னல் வழியாகச் சொம்பு சொம்பாக மொண்டு கொடுப்பான். மறியல் முடிந்து போலீஸ் தேடியபோது கரும்புக்குள் ஒளிந்து கிடந்து இளைத்தவன், இன்னும் தேறாமல் இருந்தான்.

ஒருநாள் சொம்பை நீட்டியவன் கையை எடுக்கவில்லை.

"மலரு. அந்த மரம்... நான்தான் வெட்டனது."

எனக்கு ஏற்கெனவே தெரியும். டாக்ஸியிலிருந்து இறங்கி அவன் நின்ற மாதிரியை வெகு நாள் கழித்து நினைத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லிக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. சொம்பு எங்கள் இருவர் கையிலும் இருந்தது.

"எதுக்கு வெட்டன?" என்று கேட்டேன்.

"நம்ம புள்ளைங்களும் உன்ன மாதிரி படிச்சி வேலைக்குப் போவணும்னுதான்..."

ஒதுக்கீடு கேட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மரம் விழுந்தது சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படி வளையாது. சொம்பை வாங்கி அவன் பார்க்க முழுவதையும் குடித்தேன். "நாளைக்கி ஜாஸ்தியா எட்த்துக்கினு வா. அந்த மலைக்காரியும் குடிக்கிறா" என்றேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கினான்.

சின்னப்பொண்ணு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. "டீச்சர், பந்தயம் கட்டலாமா? யாரு பை மொதல்ல ரொம்புதுன்னு பாக்கலாம். தோத்தவ ஆரஞ்சு குடுக்கணும்."

"சீ!"

"பயந்துட்டியா? கீழ்நாட்டுக்காரி ஒரு சொம்புக்கே மூச்சு வாங்குவாளே."

என் கர்வத்தைத் தொட்டுவிட்டாள். அன்று மத்தியானம் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு குடித்தோம். அம்மா எனக்கும், எதிர்க்கட்டில் பெண்ணின் துணைக்கு வந்தவள் சின்னப்பொண்ணுவுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். வார்டே பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மலைக்காரி பை ஏறுது! ஏறுது!" என்று யாரோ கத்த, சிஸ்டர் வந்து "என்ன சத்தம்?" என்று அதட்டினார். விஷயம் தெரிந்ததும் அவரே குனிந்து இரண்டு பையிலும் கோடு பார்த்து, "டீச்சர் ஜெயிச்சாச்சு" என்று தீர்ப்பு சொன்னார். நான் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்து, தையல் வலித்து, கையால் அழுத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா ஒரு மூலைக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் குழந்தை போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. சிரித்தது துரோகம் போல இருந்தது. சின்னப்பொண்ணு கட்டிலிலிருந்து கையை நீட்டி என் விரலைப் பிடித்தாள்.

"என்ன பேரு வச்சிருப்ப?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. எல்லோரும் குழந்தை பிறக்கவே இல்லை என்பது போலவே என்னிடம் நடந்துகொண்டார்கள். அது என் மனசுக்கு நல்லது என்று நினைத்தார்கள்.

"தமிழரசி" என்றேன். வாய்விட்டுச் சொன்னதும் அந்தப் பெயர் வார்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"நல்ல பேரு. என்னுது பையன். வெள்ளையன்னு வச்சிருப்பேன். ரெண்டும் ஒண்ணா வெளையாடட்டும்." விரலை விட்டாள். "சரி, ஆரஞ்சு நாளைக்கி. இப்ப இல்ல."

குழாய் எடுக்கும் நாளன்று மறுபடியும் நீலச் சாயம். முதலில் சின்னப்பொண்ணு போனாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஓரத்துல ஒரு சொட்டு நீலம்" என்றாள். பிறகு தலையை உலுக்கிக்கொண்டாள். "போன தடவ மூணு பஞ்சும் நீலம். இந்தத் தடவ ஒண்ணுதான். அடுத்த தடவ ஒண்ணும் இருக்காது. சாமை அறுத்துட்டு வரேன்னு சொல்லிட்டேன்."

அடுத்து என் முறை. மேஜையில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை டம்ளர் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா முதல் பஞ்சை எடுத்தார். இரண்டாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவதையும் எடுத்து, மூன்றையும் தட்டில் வரிசையாக வைத்து என் கண்ணுக்கு நேரே காட்டினார்.

மல்லிகை மாதிரி வெள்ளை.

"அந்த மனுஷர்கிட்ட போய்ச் சொல்லுங்க, மடை நின்னுடுச்சுன்னு" என்றார் சிஸ்டரிடம். அப்பாவின் அழுகைச் சத்தம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து எனக்குக் கேட்டது. அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் எனக்கு ஒன்று நேர்ந்தது. எழுதுவதற்கு வெட்கப்படவில்லை. மூத்திரம் வருகிற மாதிரி இருந்தது. வருகிற மாதிரி! வந்து நனைத்த பிறகு தெரிவது இல்லை, வரப்போகிறது என்று முன்னாலேயே உடம்பு என்னிடம் சொன்னது. எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். போக வேண்டிய வழியில் போனது. நிறுத்தினால் நின்றது. மறுபடியும் விட்டேன், மறுபடியும் நிறுத்திப் பார்த்தேன். வெளியே அம்மா, "இன்னாடி, இன்னாச்சி?" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதை அவளுக்கு எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லம்மா, பசிக்குது" என்றேன். நிஜமாகவே பசித்தது. நாலு இட்லி தின்றேன். சின்னப்பொண்ணுவின் ஆரஞ்சையும் வாங்கித் தின்றேன். அதில் பாதியை அவளே பிடுங்கிக்கொண்டாள்.

என் குழந்தை திரும்பவில்லை. என் வீட்டுக்காரருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். இவை ஆறவில்லை. தைத்து மூட முடிகிற ஓட்டைகளும் இல்லை. ஆனால் அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு காய்ந்த, உறுதியான உடம்பு எனக்கு இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை என்று ஈரத்தில் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

உடல் தகுதிச் சான்றில் அரசு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காலியிடங்களைப் படித்துக் காட்டிய அதிகாரி கல்வராயன்மலைப் பள்ளியின் பெயரைக் கீழ்க்குரலில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தார். "அதுதாங்க" என்றேன். "மலையாச்சேம்மா. பஸ்ஸே எப்பவோ ஒண்ணு. ஒடம்பு சரியில்லன்னா எறங்கி வரவே முடியாது." "தெரியுங்க. அங்க எனக்கு ஆள் இருக்குது" என்றேன். சாமை அறுப்பு முடிந்ததும் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கூட்டி வர வேண்டும். அவளோடு உட்கார்ந்து வர ஒரு ஆள் வேண்டும். பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்து போனாலும் எழுந்திருக்காத ஆளாக இருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அண்ணன் என் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினான். அப்பா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வழியில குடிக்காத, தூரம் ஜாஸ்தி. எறங்கறதுக்கு எடம் இருக்காது" என்றாள் அம்மா.

"குடிக்கட்டும் வுடு" என்றார் அப்பா.

முழுச் சொம்பையும் குடித்தேன். ஏறி, பஸ்ஸின் நடுவில், இரண்டு பேருக்கு இடையில் இருந்த காலிச் சீட்டில் உட்கார்ந்தேன்.